பேனா சரிந்த பக்கம்

நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று தெரிந்ததும் சண்முகவடிவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே, அந்த நிம்மதியை நினைத்து ஒரு கூச்சமும் வந்தது. படுக்கையில் கையைக் கட்டிப் போட்டிருக்கிற மனுஷரைப் பார்க்க வந்துவிட்டு, நல்லவேளை, இன்னும் நேரம் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற பிறவி நான் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டதிலும் ஒரு சுகம் இருந்தது. நாம் மோசம் என்று நாமே சொல்லிக்கொண்டால் பாதிக் கடன் தீர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது அல்லவா, அந்தச் சுகம். மடியில் மஞ்சள் துணிப்பை. பைக்குள் ஒரே ஒரு நோட்டு. வீட்டில் இந்த மாதிரி இருபத்திரண்டு நோட்டுகள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன, அதில் பதினாலாவதை மட்டும் காலையில் உருவி எடுத்தாள். எடுக்கும்போது பக்கத்து நோட்டுகள் சரிந்து விழுந்தன. நிமிர்த்தி வைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தவள், எந்தப் பொருளையும் சரிந்தபடி விட்டு வெளியே கிளம்பினது கிடையாது. பினாயில் வாடை, யாரோ உரித்த ஆரஞ்சுத் தோலின் வாடை. எதிர்ச் சுவரில் கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று ஆறு படங்கள். மூன்றாவது படத்துக் கை யாரையோ கும்பிடுவது போலவே இருந்தது.

பால்பாண்டி அண்ணாச்சியின் மகள் மாரிச்செல்வி காலை ஆறரைக்கு போன் பண்ணினாள். அழாமல் பேச வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு பேசுகிற குரல். ஒரு வாரமாக அப்பா பேச்சு குழறுகிறது, தன்னையே அவருடைய அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், முந்தாநாள் விடியற்காலை உப்பளத்துக்குப் போகணும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் உடம்பில் உப்புச் சத்து கிடுகிடுவென்று இறங்கிக் கிடக்கிறது. போன மாசம் பிரஷருக்கு மாற்றிக் கொடுத்த மாத்திரை இருக்கிற உப்பையும் மூத்திரத்தில் வெளியேற்றுமாம். சாப்பாட்டில் உப்பு இருந்தால் ஈடுகட்டியிருக்கும், இவர்தான் ஆறு வருஷமாகத் தொடுவதே இல்லையே என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "வடிவம்மா, டிரிப்ஸ் ஊசியப் பிடுங்கிப் போட்டுட்டாவ. அதுல உப்பு இருக்குன்னு நர்சு வாய்தவறிச் சொல்லிட்டா. கையக் கட்டிப் போட்டுத்தான் ஏத்துதாங்க. கஞ்சியில உப்பு போட்டா துப்பிருதாவ. புத்தி தெளிஞ்சிருக்கையிலயும் இதே பிடிவாதந்தான். இப்படியே போனா வலிப்பு வந்துரும்னு பயங்காட்டுதாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாவ. நோட்டு உங்ககிட்டதான இருக்கு." நோட்டு உங்ககிட்டதான இருக்கு. அந்தக் கடைசி வாக்கியம் காலையிலிருந்து பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி நாக்கு போகிற இடமெல்லாம் நிற்கிறது.

நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. நோட்டு இருந்தால் மட்டும் போதாது, அதை வாசிக்கிற கண்ணும் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. தென்கடல் சபையில் பதினைந்து பேர். ஒருத்தருக்கும் சுருக்கெழுத்து தெரியாது. சபையை நடத்தின பொன்னுலிங்கம் ஐயாவுக்கே தெரியாது. ஐயா துறைமுகத்தில் கடல்மட்டம் குறித்து வைக்கிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும், கடல் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்கிற ஓதக் கணக்கை விடவில்லை. கடல் கொண்டுபோன குமரிக்கண்டத்து மூதாதைகள் ஓதம் ஏறி நிற்கிற நேரத்தில்தான் பேசுவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் சபை கூடுகிற நேரம் ஒரு வாரம் போல ஒரு வாரம் இராது. ஒரு ஞாயிறு விடியற்காலை, ஒரு ஞாயிறு சாயங்காலம், அட்டவணையில் எப்போது ஏற்றம் என்று போட்டிருக்கிறதோ அப்போது. மாடியில் தகரக் கொட்டகை. எல்லோரும் தெற்கே பார்த்துக் கண்ணை மூடி உட்கார்வார்கள். ஐயாவும் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து உதடு அசையும். அது பேச்சா, முனகலா என்று பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தவள் வடிவு. கண் திறந்திருக்க அனுமதி உள்ள ஒரே ஆளும் அவள்தான். எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய் முழு எழுத்தாக விரித்து, தட்டச்சு செய்து, அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுப்பாள். ஐயாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று ஒரு எழுத்தும் நினைவிருக்காது. அவரும் மற்றவர்களோடு சேர்ந்து அப்போதுதான் வாசிப்பார். அலையோடு மூச்சை விடு. கரையில் நிற்கிறவன் கடலை அளக்க வேண்டாம். மூழ்கினவர்களுக்குப் பெயர் சொல்லித் தண்ணீர் விடு. இதெல்லாம் ஐயா சொன்னது, சத்தியமாக ஐயா சொன்னது, ஒரு புள்ளிகூட வடிவுடையது இல்லை. அதை எந்தக் கோயிலில் நின்றும் சொல்வாள். அந்த நாட்டை அவள் நம்பினாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு நாடு இருந்ததோ இல்லையோ, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது. அதற்காகத்தான் போனாள். கல்யாணம், பிள்ளை என்று எதுவும் வாய்க்காத ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வேண்டாமா. இந்த நியாயத்தை இப்போது யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே புரியவில்லை. எதிரே கைகழுவுகிற படம்தான் இருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். உப்பு பிஸ்கட். இரண்டை எடுத்து நீட்டி, எடுத்துக்கோங்க, எவ்வளவு நேரந்தான் வெறும் வயித்தோட உக்காருவீங்க என்றாள். வடிவின் வாய் தன்பாட்டுக்கு, "இல்ல, நான் உப்பு சேக்கறதில்ல" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. இங்கே யார் இருக்கிறார்கள் சபை ஆட்கள், யாருக்காக இந்தப் பொய், இந்த அம்மாளுக்கு நீ உப்பு தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன. வடிவு ஒருநாளும் உப்பை விட்டதில்லை. விடவே இல்லை. சபையில் சேர்ந்து சாப்பிடுகிற நாளில் உப்பில்லாத பொங்கலை முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொள்வாள். சபை ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் உப்பு ஜாடி அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும். ஒருதரம் ஐயாவின் மனைவி செண்பகத்தம்மா திடீரென்று வந்தபோது ஜாடியைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வாசல்படியிலேயே நின்று பேசி அனுப்பினாள். உள்ளே வாங்கன்னுகூடச் சொல்ல மாட்டேங்கா என்று செண்பகத்தம்மா நினைத்திருப்பாள். நினைக்கட்டும். ஜாடி கனமாக இருந்தது, கை வலித்தது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிஸ்கட்காரி, ஓ பிரஷரா, எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் என்று அனுதாபமாகத் தலையாட்டினாள். அந்த அனுதாபத்தையும் வடிவு வாங்கி வைத்துக்கொண்டாள்.

மூன்று முப்பத்தைந்து. பையைத் திறந்து நோட்டைத் தொட்டாள், வெளியே எடுக்கவில்லை. எந்தப் பக்கம் என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். சித்திரை மாதம் அது. அன்றைக்கு ஏற்றம் இரண்டு நாற்பதுக்கு என்று அட்டவணை சொல்லிவிட்டது, உண்ட மயக்கத்தில் உலகமே படுத்திருக்கிற நேரத்தில் தகரக் கொட்டகையில் கூட்டம். வீட்டில் அவசர அவசரமாக ரசம் வைத்தாள். உப்பைப் போட்டாள், அக்கா மகள் போன் பண்ணினாள், பேசிவிட்டு வந்து போட்டதை மறந்து மறுபடியும் ஒரு கை போட்டாள். கொட்ட மனசு வரவில்லை. அத்தனையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து விழுங்கிவிட்டு ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு மாடி ஏறினாள். அந்த வெயிலில் தகரத்துக்குக் கீழே மின்விசிறி சூட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. ஐயா உதடு அசைத்தார். முதல் நாலு வரி எழுதினாள். கரை என்று ஒரு சொல் வந்தது, அதற்கு மேல், தாய் என்றோ தாகம் என்றோ ஒன்று, அதற்கு மேல் எதுவும் இல்லை. விழித்தபோது ஐயா கண்ணைத் திறந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்திருந்தது. ஐந்து நிமிஷமா, கால் மணி நேரமா தெரியாது. மற்றவர்கள் எல்லோரும் கண் மூடியிருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. மடியில் நோட்டு. பக்கத்தின் நடுவில் பேனா ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு சரிந்து, ஓரத்தைத் தாண்டி அவள் புடவையில் போய் முடிந்திருந்தது. பொங்கலுக்கு வாங்கின புடவை. அந்த மைக்கறை போகவே இல்லை.

நீதிமன்றத்தில் ஒரு சொல் விட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம் விட்டு, ஓரத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். எழுந்து நின்று, திரும்பச் சொல்லுங்க சார் என்று கேட்க வேண்டும். அவள் கேட்டிருக்கிறாள். மூத்த வக்கீல்கள் முறைத்தாலும், நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தாலும் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் திரும்பச்சொல்லம்மா என்று பட்டப்பெயரே உண்டு. ஒரு சொல் மாறினால் ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான் என்று புதிதாக வந்த பெண்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். அந்த வாய்தான் அன்றைக்கு மாடியில், கிடைத்ததாம்மா என்று ஐயா கேட்டபோது, கிடைத்தது ஐயா என்றது. மறுநாள் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாலு வரி முடிந்தது. காலியிடம் வந்தது. தூங்கிவிட்டேன் என்று போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் நாக்கில் முந்தின நாள் ரசத்தின் கரிப்பு. இன்னும் போகாத தாகம். விரல் தானாக நடந்தது. எங்களை மூடிய நீரின் மிச்சமே உப்பு. அதை நாவில் வைக்கும் ஒவ்வொரு வேளையும் எங்களை மறுபடி மூழ்கடிக்கிறீர்கள். நினைவுள்ளவன் விலக்குவான். அடித்துவிட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான். நன்றாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் வாக்கியத்தை எழுதினவள், வாதி சொன்னது, பிரதிவாதி சொன்னது, கனம் கோர்ட்டார் சொன்னது, தன்னுடையது என்று ஒரு வரி இருந்ததில்லை. இதோ ஒன்று. ஐயாவிடம் கொடுக்கும்போது, கடைசிப் பத்தி சரியா கேக்கல ஐயா என்று சொல்லத் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஐயா வாசித்தார். கண் நிரம்பிவிட்டது. இத்தன நாள் வந்ததெல்லாம் சுத்தி வளைச்சு வந்தது, இது நேரா வந்துருக்கு என்றார். அவள் உள்ளே எதுவோ எழுந்து நின்று நமஸ்காரம் வாங்கிக்கொண்டது. கேட்டீர்களா, அவமானம் எது என்று கேட்டால், தூங்கினது இல்லை, எழுதினதுகூட இல்லை, அந்த நிமிஷத்தில் அவள் உச்சி குளிர்ந்து போனதுதான்.

அப்புறம் அந்த வரி அவளைக் கேட்டுக்கொண்டா நடந்தது. சபை நாள்காட்டியின் அட்டையில் அச்சாயிற்று. சமையலறைகளில் தொங்கிற்று. பெரும்பாலானவர்கள் கெட்டிக்காரர்கள், அமாவாசைக்கு ஒரு வேளை உப்பைத் தள்ளி வைத்துவிட்டு மற்ற நாளில் கருவாடு சுட்டார்கள். முழுசாக விட்டது இரண்டே பேர். ஒருவர் ஐயா. இன்னொருவர் பால்பாண்டி அண்ணாச்சி. நாற்பது வருஷம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர், உப்பு வாரி வாரி உள்ளங்காலில் வெடிப்பு ஆறாதவர், அவர்தான் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "இத்தன வருசமும் அவிய மேல மிதிச்சிட்டு நடந்திருக்கேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார். வடிவு குனிந்து அதையும் சுருக்கெழுத்தில் எழுதினாள். அவர் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார், ஒரு கல்யாண வீட்டில் ஒரு அப்பளம்கூடத் தின்ன மாட்டேன் என்கிறாரே என்று சபையில் பேசிக்கொள்வார்கள். உப்பளத்து மனுஷன், மனசில் தைத்துவிட்டது என்பார்கள். வடிவுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அவர் வடக்கு மூலையில் உட்கார்ந்தால் இவள் கண் தெற்கே போகும். அவரோ எதிரே வரும்போதெல்லாம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, ஸ்டெனோம்மா என்று கும்பிடுவார். அந்த வாக்க எழுதின கையில்லையா இது என்பார்.

மூன்று நாற்பத்தெட்டு. இன்றைக்குக் காலைவரை அது வெட்கம் மட்டும்தான், பயம் இல்லை. மாரிச்செல்வி சொன்னதில் ஒரு சொல் வந்து விழுந்த பிறகு பயமாகிவிட்டது. தன்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றாளே, அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐயா குளியலறையில் விழுந்து போய்ச் சேர்ந்த மறுநாள், செண்பகத்தம்மா கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நாளாகவே ஆளே சரியில்லை, என்னை அவிய அம்மான்னு நினைச்சு சொர்ணம், சொர்ணம்னு கூப்பிட்டாவ, குளியலறையத் துறைமுகம்னு நினைச்சுப் போயிட்டாவளோ என்னவோ என்று. வயசு எண்பதாகிறது, மூளை தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். வடிவும் சொன்னாள். ஐயாவுக்குக் கால் வீக்கத்துக்கு நீர் பிரிய மாத்திரை உண்டு, அவளே இரண்டு தடவை கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நாலு வருஷம் உப்பில்லாமல். வேண்டாம். வயசானவர்கள் விழுவார்கள். எத்தனையோ பேர் விழுகிறார்கள். எண்பது என்றால் எண்பதுதான். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே. டாக்டர் எங்கே வந்தார், விழுந்தபோதே உயிர் போய்விட்டது, யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வேண்டாம், நினைக்காதே. ரசத்தில் உப்பு. அக்கா மகள் அன்றைக்குப் போன் பண்ணாமல் இருந்திருந்தால். பண்ணினால் என்ன, ரசத்தைக் கொட்டியிருந்தால். கொட்டாவிட்டால் என்ன, தூங்காமல் இருந்திருந்தால். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனாலும் கடைசியில் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால்தான் வந்து நிற்கிறது. அங்கே அவள் தூங்கவில்லை. நன்றாக விழித்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் வரும்போது இன்னொரு வேலையும் நடந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பால்பாண்டியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு மூன்றாம் மைல் தாண்டுவதற்குள் ஒரு வாக்கியம் வந்துவிட்டது. விலக்கு காலத்துக்கு உண்டு, கரை ஏறினவனுக்கு இல்லை. கடல் தருவதைக் கடலின் பிள்ளை உண்ணலாம். அப்படியே ஐயா பேச்சு. அசலைவிட அசல். நோட்டைத் திறந்து, கடைசிக் காலத்தில் ஐயா சொன்னது அண்ணாச்சி, இத்தன நாள் விரிக்காம இருந்தேன் என்று வாசித்தால் போதும். அவர் உப்பு தின்பார். பிழைப்பார். மாரிச்செல்வி கையெடுத்துக் கும்பிடுவாள். இவள் பெயரும் பிழைக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. உண்மையைச் சொன்னால்தான் நஷ்டம். ஆறு வருஷம் நாக்கைக் கட்டி வாழ்ந்த மனுஷரிடம், அது ஒருத்தியின் ரசம் அண்ணாச்சி என்று எப்படிச் சொல்வது, சொன்னால் அவர் நம்பாமல் போனால், நம்பினாலும் இதைக் கேட்டு மனசு விட்டுவிட்டால். பொய் சொல்வதுதான் தர்மம், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எல்லாம் சரி. வாக்கியம் வந்த நொடியில் மறுபடியும் உள்ளே எதுவோ எழுந்து நின்று, ஆகா என்றது. அதைக் கேட்டதும் வடிவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இறங்கின இடத்தில் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது. காவல்காரம்மா, ஒரு ஆளுக்கு ஒரு ஆள்தான் என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தாள். மாரிச்செல்வி உள்ளேயிருந்து ஓடி வந்து அவளிடம் ஏதோ சொல்லிச் சம்மதிக்க வைத்து, வடிவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பன்னிரண்டாம் கட்டில். இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கை மெலிந்துவிட்டது, பட்டை மட்டும் தடிமனாகத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. பால்பாண்டி கண்ணைத் திறந்து, கொஞ்ச நேரம் தேடிவிட்டு அடையாளம் கண்டுகொண்டார். கும்பிடுவதற்காகக் கையை இழுத்தார், பட்டை விடவில்லை. "ஸ்டெனோம்மாவா. நோட்டு கொண்டாந்தியளா?" என்றார். கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். "வாசிங்க. எல்லாரும் சேந்து எனக்கு உப்பக் குடுக்கப் பாக்காவ. நோட்டுல என்ன இருக்குன்னு இவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க." மாரிச்செல்வி கஞ்சி டம்ளரோடு அந்தப் பக்கம் நின்றாள். அவள் கண் வடிவை விட்டு நகரவில்லை. வடிவு நோட்டைத் திறந்தாள். விரல் வைத்த இடத்தில் அந்தப் பக்கம் திறந்தது. நாலு வரி, அப்புறம் கோடு. விலக்கு காலத்துக்கு உண்டு என்று வாயில் வந்து நின்றது. நல்ல வாக்கியம். ஒரு குறை சொல்ல முடியாது. அவள் நோட்டைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நான் தூங்கிட்டேன் அண்ணாச்சி" என்றாள். குரல் கோர்ட்டில் கேட்பது மாதிரி சத்தமாக வந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பால்பாண்டிக்குப் புரியவில்லை. எப்போ என்று கேட்டார். "உப்பு வந்த அன்னைக்கு. இந்தா பாருங்க, பேனா எங்க சரிஞ்சிருக்குன்னு. இதுக்கு மேல ஐயா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. உப்ப ஐயா சொல்லல. நான்தான் எழுதினேன். அன்னைக்கு எங்க வீட்டு ரசத்துல உப்பு ரெண்டு தரம் விழுந்துட்டு, நாக்கெல்லாம் அதுவா இருந்துச்சு, அதான் எழுதினேன். வேற ஒண்ணுமில்ல." அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பால்பாண்டி அந்தக் கோட்டையே பார்த்தார். சுருக்கெழுத்துத் தெரியாது, ஆனால் தூங்கி விழுந்த கை எப்படி இழுக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது. மாரிச்செல்வி வாயைத் திறக்கப்போனாள், அவர் கண்ணாலேயே பொறு என்றார்.

"அன்னைக்கு நானும் தூங்கிட்டேன்" என்றார் பால்பாண்டி. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. கண்ண மூடினதுதான் தெரியும். அடுத்த வாரம் நீங்க தாளக் குடுத்திய. வாசிச்சா, அம்புட்டுப் பெரிய வாக்கு. பாவி, இது வரும்போது தூங்கிட்டனேன்னு இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. அதுக்குத்தான் ஒரு கல்லு உப்புகூடத் தொடக்கூடாதுன்னு இருந்தேன்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். ஆறு வருஷமாக அவர் இவளைப் பார்த்துக் கும்பிட்டது எதற்கு என்று வடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. விழித்திருந்தவள் என்று கும்பிட்டிருக்கிறார். நின்ற இடத்திலேயே அவளுக்கு உடம்பு கூசியது. ஐயா அன்றைக்கு நிஜமாகவே என்ன சொல்லியிருப்பார் என்று அவர் கேட்டார். தெரியாது அண்ணாச்சி, கரைன்னு ஒரு சொல் மட்டும் இருக்கு என்றாள். அவர் அதை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மகளைப் பார்த்து வாயைத் திறந்தார்.

மாரிச்செல்வி ஊட்டின முதல் கரண்டிக் கஞ்சி தாடையில் வழிந்தது. இரண்டாவது கரண்டி உள்ளே போயிற்று. துப்பவில்லை. நாக்கிலேயே வைத்திருந்தார், உப்பளத்தில் நீர் முற்றிவிட்டதா என்று சொட்டு வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. "பாக்கெட் உப்பு" என்றார். "சப்புன்னு இருக்கு. இன்னுங் கொஞ்சம் போடு." மாரிச்செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நர்சு வந்து பார்த்துவிட்டு, இனிமே பிடுங்க மாட்டீங்களே தாத்தா என்று கேட்டு ஒரு கைக்கட்டை மட்டும் அவிழ்க்கச் சொன்னாள். நோட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வடிவுதான் அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகம் மடங்கி வலித்தது. அவிழ்ந்த கையை அவர் மெதுவாக மடக்கி நீட்டினார். அந்தக் கையால் தன்னை அடித்தாலும் சரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவர் அடிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கஞ்சி முழுவதும் குடித்து முடித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, "ஐயாவும்லா உப்ப விட்டாவ ஸ்டெனோம்மா" என்றார்.

ஆமா அண்ணாச்சி என்றாள் வடிவு.

"செண்பகத்தம்மாட்ட சொல்லிட்டியளா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவர் கண் மூடியிருப்பது நினைவுக்கு வந்து, இல்லை என்று வாயால் சொன்னாள். அவர் அவிழ்ந்த கையால் கட்டில் மேல் துழாவி, திறந்து கிடந்த நோட்டைக் கண்டுபிடித்து, அதை மூடி, அவள் பக்கமாகத் தள்ளினார். "அஞ்சேகாலுக்கு அவிய வீட்டுப் பக்கம் போற துறைமுகம் பஸ் இருக்கு. இப்பமே கிளம்புனா புடிச்சிரலாம்" என்றார். வடிவு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே பிஸ்கட் நீட்டின அம்மாள் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள், இவளைப் பார்த்து, எப்படி இருக்காங்க என்று கேட்டாள். சாப்பிட்டாரு என்று சொல்லிவிட்டு வடிவு படி இறங்கினாள்.